ஊற்றங்கரை ஆண் அத்தி

ஜூன் பிறந்துவிட்டால் எங்கள் தாலா ஊர்ப் பெண்களுக்கு மெசியான் மேல் திடீர்ப் பாசம் பொங்கும். வருஷம் முழுக்க அவனை ஊமைக்கோட்டான் என்று கேலி செய்கிறவர்கள், அந்த மாதம் மட்டும் வாசலில் நின்று, "தம்பி, முதுகுவலி தேவலையா?" என்று விசாரிப்பார்கள். அவன் முதுகைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஊற்றங்கரையில் அவன் நிலத்தில் நிற்கும் ஆண் அத்தி மேல்தான் எல்லார் கண்ணும்.

பெண் அத்தி எங்கள் மலையில் வீட்டுக்கு நாலு நிற்கும். ஆண் அத்தியின் காயை மனுஷன் தின்ன முடியாது. சக்கையாக இருக்கும், உள்ளே எள்ளளவில் கறுப்புக் குளவிகள் குடியிருக்கும். ஆனால் அந்தக் காயைக் கோரைப்புல்லில் கோத்துப் பெண் மரத்தில் தொங்கவிட்டே ஆகவேண்டும். குளவி உடம்பெல்லாம் மகரந்தத்தோடு வெளியே வந்து பெண் காய்க்குள் நுழைந்தால்தான் அந்தக் காய் கிளையில் தங்கும், பழுக்கும். நுழையாவிட்டால் ஜூலை முடிவதற்குள் மஞ்சளடித்துக் கொட்டிவிடும். மலையையே எரித்த பெருந்தீக்கு முன்னால் சரிவுக்குச் சரிவு ஆண் அத்தி நின்றது. தீ வீட்டோரப் பெண் மரங்களில் பலவற்றை விட்டுவைத்தது, சரிவில் நின்ற ஆண் மரங்களை எல்லாம் தின்றுவிட்டுப் போனது. வேரிலிருந்து மறுபடி துளிர்த்தவை இன்னும் காய்க்கும் பருவத்துக்கு வரவில்லை. மிஞ்சியது மெசியானின் மரம் ஒன்றுதான். அதுவும் ஒரு பக்கம் கரியாகி, ஊற்றைப் பார்த்த பக்கத்தில் தொடை கனத்தில் ஒரே ஒரு கிளையோடு நின்றது. எங்கள் மலையின் குளவிகளெல்லாம் அந்த ஒரு கிளையில்தான் பெற்றுப் பெருகிப் பிழைத்துக் கிடந்தன.

ஆண் அத்திக் காயை விற்பது எங்களுக்கு அவமானம். இல்லை என்று சொல்வது அதைவிட அவமானம். கேட்கக்கூட வேண்டியதில்லை. விடியலில், வெயில் ஏறிக் குளவி கிளம்புமுன் கூடையோடு போய்ப் பறித்துக்கொள்ளலாம். ஊரே போனது. ஃபெரூஜா மட்டும் போகவில்லை.

ஃபெரூஜா மெசியானுக்கு அண்ணி. அவள் புருஷன் அக்லி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டான். ஒரே மகன் அமாயாஸை அந்த ஆகஸ்ட் தீ கொண்டுபோனது. அன்றைக்கு அவள் பல்வலி என்று கீழே டவுனுக்கு இறங்கியிருந்தாள். திரும்பி வர வழியில்லை, ரோட்டை மறித்துவிட்டார்கள். மலை எரிவதைப் பார்த்துக்கொண்டு கன்னத்தைப் பிடித்தபடி ரோட்டோரம் நின்றவள் கண்ணில், புகைக்குள்ளிருந்து மெசியானின் வண்டி இறங்கி வருவது பட்டது. முன்னால் அவனும் அவன் பெண்டாட்டி வர்தியாவும். பின்னால் அடுக்கடுக்காகத் தேன்பெட்டிகள். ஓடிப்போய் வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். பெட்டிகளுக்குள் தேனீக்கள் இரைந்தன. அவள் பிள்ளை வண்டியில் இல்லை.

மறுநாள் ஓடைப் பாதையில் அமாயாஸைக் கண்டெடுத்தார்கள். அன்றிலிருந்து கொழுந்தனோடு அவளுக்குப் பேச்சு அறுந்தது. அவன் வாசலில் வந்து நின்றபோதெல்லாம் கதவை அறைந்து சாத்தினாள். அவனும் வாயை மூடிக்கொண்டான். அதில்தான் அவன் கெட்டிக்காரனாயிற்றே.

அமாயாஸ் சிறுவனாக இருந்தபோது முற்றத்தில் ஒரு பெண் அத்திக் குச்சியை நட்டிருந்தான். வளர்ந்து மரமாகித் தீயில் கரியாகிப்போனது. மறு வசந்தத்தில் வேரடியிலிருந்து ஒரு துளிர் வந்தபோது ஃபெரூஜா அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். தீக்குப் பிந்திய இந்த மூன்றாவது கோடையிலேயே, யாரும் எதிர்பாராமல், அதில் காய் பிடித்திருந்தது, பச்சைப் பசேலென்று, கொத்துக் கொத்தாக. அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. ஆகஸ்டில் அவன் நினைவு நாளன்று, கல்லறையில் ஊருக்குப் பகிர்வது அவன் மரத்துப் பழமாக இருக்கவேண்டும். போன இரண்டு வருஷமும் பாலைவனத்துப் பேரீச்சம்பழத்தை வாங்கிப் பகிர்ந்தாள். அத்தி மலையில் பிறந்த பிள்ளைக்கு யாரோ தூரதேசத்தார் பழம். வாங்கிக்கொண்டவர்கள் தின்றுவிட்டுப் போனார்கள். அவளுக்குத்தான் கையெல்லாம் கூசியது.

பழம் வேண்டுமென்றால் குளவி வேண்டும். குளவி வேண்டுமென்றால் மெசியானின் மரத்தடிக்குப் போகவேண்டும். ஃபெரூஜா பஸ் ஏறினாள்.

சந்தைக்கு அத்தி பூத்தாற்போல் போகிறவள் அவள். பஸ்ஸில் பக்கத்தில் இடம் பிடித்த கெனிமா சும்மா விடுவாளா? எங்கள் ஊரில் கெனிமாவின் வாய்க்குப் பயந்து கழுதையும் ஓரமாகப் போகும்.

"ஊத்தங்கரை உன் வீட்டுலேர்ந்து கூப்பிடு தூரம். நீ டவுனுக்குப் போற. ஏன்டி, பாரிஸ்லேர்ந்து வரவழைக்கிறதுதானே?"

"என் காசு, என் காலு. உனக்கென்ன?"

"எனக்கென்ன? உன் காய் உதிர்ந்தா நானா பொறுக்கப்போறேன்?"

கீழே டவுன்காரர்களுக்கு எங்கள் வெட்கமெல்லாம் கிடையாது. எங்கோ தொலைவிலிருந்து லாரியில் வரும் ஆண் அத்தியைச் சரம் சரமாகக் கட்டி, தக்காளிக்குப் பக்கத்தில் போட்டு விற்கிறார்கள். "இன்னிக்குக் காலையில பறிச்சது, அம்மா!" என்று ஒருவன் கூவினான். கெனிமா ஒரு காயை எடுத்துப் பிட்டாள்.

"காலையிலயா? எந்த வருஷத்துக் காலையில? பாருடி, வாய் திறந்திருக்கு. குடியிருந்தவங்க எல்லாம் சாமான் செட்டோட காலி பண்ணிட்டுப் போயாச்சு. வேணும்னா வாடகைக்கு விடலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபெரூஜா சிரிக்கவில்லை. குளவி இல்லாத காய் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தே வாங்கினாள், கொண்டுவந்து கட்டினாள். ரோஷம் வந்துவிட்டால் நம் கண்ணை நாமே கட்டிக்கொள்வோம்.

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முற்றத்தில் முதல் காய் விழுந்தது. குனிந்து எடுத்துப் பார்த்தாள், காம்பில் மஞ்சள். அடுத்தநாள் இன்னும் சில.

அன்று காலை வர்தியா ஈரத்துணி மூடிய கூடையோடு சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, இப்பதான் பறிச்சேன். நானே பறிச்சேன். அவரு கை படல."

"மரம் யாரோடது?"

"மரத்துக்குத் தெரியுமா அக்கா, தான் யாரோடதுன்னு? காயெல்லாம் கொட்ட ஆரம்பிச்சிருச்சு. இன்னும் நாலு நாள் போனா எதுக்கும் ஆகாது. அமாயாஸ் வச்ச மரம். கட்டுங்க அக்கா, கோபத்தை என் மேல வச்சுக்கங்க."

"அவன் பேரை நீ சொல்லாத. தேன்பெட்டிக்கு வண்டியில இடம் இருந்துச்சு. அவனுக்கு இல்ல. பூச்சியைக் காப்பாத்தினவன் வீட்டுப் பூச்சி எனக்கு எதுக்கு?"

"அக்கா, அப்படி இல்ல—"

"எப்படி இல்ல? என் கண்ணால பார்த்தேன்டி! அந்த மரம் நிக்குது. என் புள்ள இல்ல. அது நிக்குறதைப் பார்க்கும்போதெல்லாம் என் வயிறு எரியுது. போய்ச் சொல்லு உன் புருஷன்கிட்ட."

கூடையைப் பிடுங்கிச் சுவருக்கு வெளியே கவிழ்த்தாள். காய்கள் சரிவில் உருண்டன. வெயில் பட்டதும் ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் குளவிகள் ஊர்ந்து வெளியே வந்து, போக இடம் தெரியாமல் காற்றில் கலைந்தன. வர்தியா வெறும் கூடையை எடுத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி போனாள்.

மறுநாள் விடியலில் ஃபெரூஜா கதவைத் திறந்தாள். முற்றத்து மரம் முழுக்க ஆண் அத்திச் சரங்கள் தொங்கின. கிளைக்குக் கிளை, நிதானமாக, ஒன்றோடு ஒன்று சிக்காமல் கட்டியிருந்தது. யார் கட்டியது என்று கேட்கவே வேண்டாம். கோரைப்புல்லை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகும் முடிச்சு அக்லி வீட்டு முடிச்சு. அண்ணன் தம்பி இருவரும் அப்பனிடம் படித்தது. அமாயாஸும் அப்படித்தான் கட்டுவான். ஒரு கணம் அவன்தான் வந்து கட்டிவிட்டுப் போனானோ என்று அவள் நெஞ்சு துள்ளியது. அடுத்த கணமே அந்தத் துள்ளலுக்காக அவளுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

சரங்களை அறுத்து எறிந்தாள், காலால் மிதித்தாள். ஆட்டுக்குத் தழை வெட்டும் கோடரி மூலையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, தலைத்துணிகூடக் கட்டாமல், ஊற்றங்கரைக்கு நடந்தாள்.

அத்தி மரம் மெத்து மரம். கோடரி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஒவ்வொரு வெட்டுக்கும் பால் வடிந்து அவள் கையை அரித்தது. அவள் நிறுத்தவில்லை. கடைசியில் கிளை முனகிக்கொண்டு சாய்ந்து, ஊற்றின் கல்தொட்டி மேல் காயும் இலையுமாக விழுந்தது.

திரும்பியபோது மெசியான் பாதையில் கூடையோடு நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. கிட்டே வந்து, கூடையைக் கீழே வைத்து, வெட்டுவாயைக் கையால் தடவிப் பார்த்தான்.

"வெட்டியாச்சா, அண்ணி?"

"வெட்டியாச்சு. போ. ஊர்ச்சபையைக் கூட்டு. அபராதம் போடச் சொல்லு."

"யாரைக் கூட்டி என்ன ஆகப்போகுது." அவன் கல்தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "அமாயாஸ் இந்த மரத்துக்குத் தண்ணி ஊத்தத்தான் நின்னான்."

ஃபெரூஜா கோடரியைத் தரையில் ஊன்றினாள்.

"பெட்டியெல்லாம் அன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே ஏத்தினது அண்ணி. மேல மலைப்பூவுக்குக் கொண்டுபோகலாம்னு. தீ வரும்னு யாருக்குத் தெரியும்? புகையைப் பார்த்ததும் வண்டியை எடுத்தேன். ஏறுடான்னேன். 'எதிர்ச்சரிவுல ஆண் மரமெல்லாம் பத்திக்கிச்சு சித்தப்பா, ஊத்தங்கரை மரத்தைச் சுத்திக் காஞ்ச புல்லாக் கிடக்கு, செதுக்கிட்டு நாலு கேன் தண்ணி ஊத்திட்டு ஓடை வழியா இறங்கிர்றேன்'னான். விடுடா மரம்னு நான் சொல்லல. சொல்லியிருக்கணும். 'இதுவும் போயிருச்சுன்னா வர்ற வருஷம் அம்மா எதைக் கட்டுவாங்க'ன்னு சிரிச்சான். நானும் சரின்னுட்டேன். ஓடைக்குள்ள தீ அவனுக்கு முன்னாடியே இறங்கிருச்சு."

"பொய்."

"இந்தா, வேரைச் சுத்திப் பாருங்க. அவன் செதுக்கின வரப்பு இன்னும் இருக்கு."

இருந்தது. கரியான பக்கத்துக்கும் பச்சைப் பக்கத்துக்கும் நடுவே, மண்வெட்டியால் வட்டமாகச் செதுக்கிய வரப்பு. வட்டம் முடியவில்லை. பாதியில் நின்றுபோயிருந்தது. அவன் செதுக்கிய மட்டுக்கும் மரம் பிழைத்திருந்தது.

"ஏன்டா சொல்லல?" ஃபெரூஜாவின் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "இத்தனை வருஷமா ஏன்டா என்கிட்ட சொல்லல?"

மெசியான் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"சொன்னா நீங்க இந்த மரத்தை வெட்டிருவீங்கன்னு பயந்தேன், அண்ணி."

அவள் கையிலிருந்து கோடரி நழுவியது. தன் பிள்ளை உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ஒரே ஒரு பொருள் இந்த உலகத்தில் இருந்தது. அது இந்த மரம்தான் என்று தெரியாமல் மூன்று கோடை அதைச் சபித்தாள். இன்று தன் கையாலேயே சாய்த்துவிட்டாள். மண்ணில் உட்கார்ந்து, அந்தப் பாதி வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அழுகை வரவில்லை. சத்தம் மட்டும் வந்தது, அடிபட்ட ஆட்டின் சத்தம்.

அந்த நேரத்தில்தான் பெண்கள் வழக்கம்போல் கூடைகளோடு வந்தார்கள். முன்னால் கெனிமா, பின்னால் வர்தியா. கெனிமா சாய்ந்த கிளையைப் பார்த்தாள், கோடரியைப் பார்த்தாள், மண்ணில் கிடந்தவளைப் பார்த்தாள். எங்களுக்கு நினைவு தெரிந்து கெனிமாவுக்குப் பேச்சு வராமல் போனது அன்று ஒரு நாள்தான். கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டாள், அதுவும் கிசுகிசுப்பாக:

"இனி குளவி எங்க போயி முட்டையிடும்?"

இந்தக் காய்களில் இருப்பவை வெளியே வந்ததும் முட்டையிட வேண்டிய சின்னக் குருத்துக்காய்கள் அதே கிளையில்தான் இருந்தன. அவையும் தொட்டி மேல் சாய்ந்து கிடந்தன, மாலைக்குள் வதங்கிவிடும். பெண் காய்க்குள் போகிற குளவிக்கு முட்டையிட இடமில்லை, வெளியே வரவும் வழியில்லை. வாசல் இடுக்கிலேயே இறக்கை பிய்ந்துவிடும்.

வர்தியாதான் பாவாடை நுனியை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். "வெயில் ஏறுது. நின்னு என்ன பண்றது? பறிங்க. இருக்கிறதையாவது கட்டுவோம்."

பறித்தார்கள். எப்போதும் எட்டாத உச்சிக் காய்கள்கூட அன்று தரையில் கிடந்தன. கூடை வழிய வழியப் பறித்தார்கள், சாவு வீட்டில் பேசாமல் வேலை செய்வதுபோல. ஒருத்தியும் ஃபெரூஜாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். வர்தியா ஒரு கூடையை அவள் மடியில் வைத்துவிட்டு, "இதைக் கோத்துருங்க அக்கா," என்றாள். அத்திப்பாலில் வெந்து சிவந்த விரல்களோடு அவள் கோத்தாள். இரண்டு சுற்று, நுனி உள்ளே. அமாயாஸின் முடிச்சு.

முற்றத்து மரத்தில் அவளே கட்டினாள். ஒரு குளவி அவள் புறங்கையில் இறங்கி, கொஞ்சம் தயங்கி, பக்கத்துப் பச்சைக்காயின் கண்ணுக்குள் தலையை நுழைத்தது. முட்டி மோதி, உடம்பை நெளித்து உள்ளே போனது. வாசலில் இரண்டு இறக்கைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஃபெரூஜா அவற்றை ஊதித் தள்ள மனமில்லாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று சாயங்காலம் சுவர் மேல் ஒரு பழைய மஞ்சள் கேன் இருந்தது. ஒரு பக்கம் உருகி, கைப்பிடி வளைந்துபோயிருந்தது. ஓடைப் பாதையில் அமாயாஸுக்குப் பக்கத்தில் கிடந்ததை மெசியான் இத்தனை நாளும் தேன்பெட்டிக் கொட்டகையில் வைத்திருந்தான். அவள் அதை உள்ளே எடுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தமுறை அறைந்து சாத்தவில்லை.

அந்த வருஷம் எங்கள் ஊரில் காய்த்த அத்தி மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உதிர்ந்தது போக நின்ற காயெல்லாம் பழுத்தது. கிளைகள் தரை தொட்டன. தோல் வெடித்துத் தேன் சொட்டியது. உரலில் குத்துகிறவர்கள், பாயில் உலர்த்துகிறவர்கள், மோரோடு தின்கிறவர்கள் என்று ஊர் முழுக்க அத்தி வாசனை. சந்தோஷப்படத்தான் யாருக்கும் முடியவில்லை. போய்ச்சேரப் போகிறவர் கடைசியாக ஒரு நாள் எழுந்து உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டால் வீட்டார் மனம் என்ன பாடுபடும்? அந்தப் பாடுதான் எங்களுக்கும்.

நினைவு நாளன்று ஃபெரூஜா கல்லறையில் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் அமாயாஸ் மரத்துப் பழமும் பகிர்ந்தாள். அவள் ஆசைப்பட்டபடியே எல்லாம் நடந்தது. கடல் தாண்டி மார்செய்யிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்லியின் ஒன்றுவிட்ட தம்பி, முந்தினநாள்தான் ஊருக்குள் கால் வைத்தவன், ஒரு பழத்தைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"அண்ணி! இதுவல்லவா பழம்! அங்க விக்கிறதெல்லாம் பழமா? அடுத்த வருஷம் எனக்கு ஒரு பெட்டி எடுத்து வச்சிருங்க, சொல்லிட்டேன்."

எல்லாரும் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார்கள்.

"வைக்கிறேன்ப்பா," என்றாள் ஃபெரூஜா.

தள்ளி, சுவரோரமாக மெசியான் குந்தியிருந்தான். அவனிடம் போய் இருப்பதிலேயே நல்ல பழமாகப் பார்த்து எடுத்துக் கையில் வைத்தாள்.

"தின்னு. உன் மரத்துக் குளவியால வந்தது."

"என் மரம் எங்க அண்ணி? அதுவும் அவன் மரம்தானே."

அவன் பழத்தைத் தின்னவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். அவள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஒரு பழத்தைப் பிட்டு அவள் வாயில் போட்டாள். விதைகள் பல்லில் நறுநறுத்தன. குளவி நுழையாத காயில் இந்த நறுநறுப்பு இருக்காது. உள்ளே போய் வெளியே வராதவற்றின் வேலை அது. அதற்குமேல் அவளால் மெல்ல முடியவில்லை. வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

இப்போதும் சாயங்காலம் ஊற்றங்கரைக்குப் போனால் அவளைப் பார்க்கலாம். உருகிய மஞ்சள் கேனில் தண்ணீர் மொண்டு, அந்தப் பாதி வட்டத்துக்குள் ஊற்றிக்கொண்டிருப்பாள். மீதி வட்டத்தையும் அவளே செதுக்கி முடித்துவிட்டாள். அடிமரத்தில் துளிர் வந்திருக்கிறது, உள்ளங்கை அகல இலைகளோடு. நாலைந்து வருஷத்தில் கிளையாகும், காயும் பிடிக்கும். அந்தக் காய்க்குள் குடியிருக்கத்தான் இனி யாரும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். கேனைச் சாய்த்து, அடியில் மிஞ்சிய தண்ணீரையும் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.